விசாரணை நாடகமும் வகுப்பறை அரங்கும்: ‘தி குரூசிபிள்’ நாடகத்தைக் கற்பிக்க விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கூத்து மரபு தரும் வழிகள்

ஆய்வுச் சுருக்கம்

ஆர்தர் மில்லரின் ‘தி குரூசிபிள்’ நாடகம், 1692ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்சு பகுதியிலிருந்த சேலம் என்னும் சிற்றூரில் நிகழ்ந்த சூனியக்காரர் விசாரணைகளை அடிப்படையாகக் கொண்டது. இந்நாடகத்தைக் கதைச்சுருக்கமாக மட்டும் கற்பிக்கும்போது, குற்றச்சாட்டு எவ்வாறு சான்றாக மாறுகிறது என்னும் அதன் மைய வினா மாணவர்க்கு எட்டாமற்போகிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் தெருக்கூத்து மரபையும் சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையையும் துணைகொண்டு, வகுப்பறை நாடக உத்திகள் வழியே இவ்வினாவை மாணவர் தாமே எதிர்கொள்ளச் செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வகுப்பறை நாடகம், ‘தி குரூசிபிள்’, தெருக்கூத்து, கட்டியக்காரன், கொலைக்களக் காதை, சான்று, ஐயம்.

முன்னுரை

‘குரூசிபிள்’ என்னும் ஆங்கிலச் சொல் பொற்கொல்லர் பொன் உருக்கும் மூசையைக் குறிக்கும். 1953 ஜனவரியில் நியூயார்க்கில் முதன்முதலாக மேடையேறிய இந்நாடகம், பொதுவுடைமையாளர் என ஐயுறப்பட்டோர் நாடாளுமன்றக் குழுக்களின் முன் நிறுத்தப்பட்ட காலத்தில் எழுந்தது. 1956இல் மில்லரே அத்தகைய குழுவொன்றின் முன் அழைக்கப்பட்டார். பிறர் பெயரைக் கூற மறுத்தமைக்காக 1957இல் அவமதிப்புக் குற்றத்திற்கு ஆளானார். அத்தீர்ப்பு 1958இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது.

இதில் வரும் சேலத்திற்கும் தமிழகச் சேலத்திற்கும் பெயரொப்புமையன்றி வேறு தொடர்பில்லை. எனினும் நாடகம் எழுப்பும் சிக்கல் இந்திய மண்ணுக்குப் புதிதன்று. சூனியக்காரி எனப் பெண்களுக்கு முத்திரை குத்துவதைத் தடுக்கப் பீகார் (1999), சார்க்கண்ட் (2001), சத்தீசுகர் (2005), ஒடிசா (2013) முதலிய மாநிலங்கள் தனிச் சட்டம் கொண்டுள்ளன. மகாசுவேதா தேவியின் ‘பாயேன்’ நாடகத்தில், இறந்த குழந்தைகளின் புதைகுழிகளைக் காத்துவந்த சண்டிதாசியை ஊரார் சூனியக்காரி என ஒதுக்குகின்றனர். அவள் கணவனே பறையடித்து அதனை அறிவிக்கிறான். ஆகவே இப்பொருளை அயல்நாட்டு வரலாறாக மட்டும் கற்பித்தல் பொருந்தாது.

சான்றின் சிக்கல்

சேலம் விசாரணைகளில் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். நீதிமன்றத்தில் வாய்திறக்க மறுத்த முதியவர் கைல்சு கோரி, உடல்மீது கற்கள் ஏற்றப்பட்டு இறந்தார். முதலில் குற்றஞ்சாட்டப்பட்ட மூவரில் ஒருவர் அடிமைப் பெண்ணான திதுபா. மற்றொருவர் இரந்துண்டு வாழ்ந்த சாரா குட். ஊரில் வலிமையற்றோரே முதலில் சுட்டப்பட்டனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

இவ்விசாரணையில் இரு பொறிகள் இருந்தன. முதலாவது, குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஆவி தம்மைத் துன்புறுத்துகிறது எனச் சிறுமியர் கூறியது சான்றாக ஏற்கப்பட்டது. சுட்டுபவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் ஒன்றை மறுதரப்பு சோதித்துப் பார்க்க வழியில்லை. இரண்டாவது, குற்றத்தை ஒப்புக்கொண்டு அதில் உறுதியாக நின்றோர் உயிர்பிழைத்தனர். குற்றமற்றவர் என வாதிட்டோர் தூக்குமேடை ஏறினர். மில்லரின் நாடகம் இவ்விரு பொறிகளின் மேல் கட்டப்பட்டதாகும். வரலாற்றில் ஏறத்தாழப் பதினொரு வயதினளான அபிகெயிலை அவர் பதினேழு வயதினளாக்கியதும், அறுபதை எட்டிய பிராக்டரை நடுவயதினராக்கியதும் நாடகத் தேவைக்கான மாற்றங்கள்.

கொலைக்களக் காதை தரும் திறவு

இதே சிக்கலைத் தமிழ் மாணவர் முன்னரே பயின்றுள்ளனர். சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும்போது வழக்குரை காதை பெரிதும் வலியுறுத்தப்படுகிறது. சிலம்பை உடைத்தால் உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்பது அனைவர்க்கும் புலப்படும். அது சோதிக்கத்தக்க சான்று. ஆனால் அதற்கு முந்திய கொலைக்களக் காதையில் நிகழ்வது வேறு.

பொற்கொல்லன் அழைத்துவந்த காவலர், கோவலனின் தோற்றத்தைக் கண்டு அவன் கள்வனாக இருத்தல் இயலாது என ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், மருந்து, நிமித்தம் முதலிய எட்டுத் துணைகளைக் கொண்டு கள்வர் பிறர் கண்ணை மறைக்க வல்லவர் என விரித்துரைக்கிறான். இதனால் கோவலனின் குற்றமற்ற தோற்றமே அவன் குற்றத்திற்குச் சான்றாகத் திரிகிறது. தொடர்ந்து காவலருள் ஒருவன், முன்பொரு நாள் இருளில் ஒரு கள்வன் தன் வாளைப் பறித்து மறைந்த கதையைக் கூறி, அரசன் தம்மைத் தண்டிப்பான் என்றும் அஞ்சுகிறான். அப்போது கல்லாதவன் ஒருவன் வாளை எறிகிறான். ஐயம், அதனை அடைக்கும் சொல், துணைநிற்கும் பழங்கதை, மேலிடத்து அச்சம், கொலை என்னும் இவ்வரிசை ‘தி குரூசிபிள்’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்திலும் காணப்படுகிறது. சூனியம் கண்ணுக்குப் புலனாகாக் குற்றமாதலின் பாதிக்கப்பட்டவர் சொல்லே போதும் என்னும் நீதிபதி டான்ஃபோர்த்தின் வாதமும், பொற்கொல்லனின் வாதமும் ஒரே வகையின.

எனவே, வகுப்பறையில் நடிக்கத்தக்க கணம் தூக்குமேடையோ வாள்வீச்சோ அன்று. காவலன் ஐயுற்று நிற்கும் கணமே ஆகும்.

கூத்து மரபும் நாடக உத்திகளும்

இங்கிலாந்தின் டாரதி கீத்கோட், கேவின் போல்டன் ஆகியோர் வளர்த்தெடுத்த வகுப்பறை நாடகம், பார்வையாளர்க்காக நிகழ்த்தப்படுவதன்று; பங்கேற்போர் ஒரு சிக்கலுக்குள் நின்று சிந்திப்பதற்கான கற்றல் முறை. பிரேசிலின் அகஸ்தோ போவால், பார்ப்பவரையும் செயலில் இறங்கச் செய்யும் அரங்கை உருவாக்கினார். இவற்றின் உத்திகள் பெயரளவில் அயலானவை எனினும், விழுப்புரம், திண்டிவனம் சுற்றுக் கிராமங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு அவற்றின் இயக்கம் பழகியதே.

செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை இவ்வழிபாட்டின் முதற்கோயிலாகக் கருதும் மரபை ஆல்ஃப் ஹில்தபைத்தல் 1988இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். இப்பகுதியின் அக்கினி வசந்த விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெறுகின்றன. கூத்தில் பாத்திரம் திரைக்குப் பின் நின்று பாடித் தோன்றும்போது, அது யார், எதற்காக வந்தது எனக் கட்டியக்காரன் வினவுகிறான். அரசனையும் எள்ளி நகையாடும் உரிமை அவனுக்கு உண்டு. பாத்திரமேற்றவரை இருக்கையில் அமர்த்தி வகுப்பே வினாத்தொடுக்கும் ‘வினா இருக்கை’ உத்தியின் உட்கூறு இதுவே.

துகில் கூத்தோ ஒரு விசாரணை நாடகம். தன்னைத் தோற்ற ஒருவன் மனைவியைப் பணயம் வைக்க உரிமையுடையவனா என்னும் திரௌபதியின் வினாவுக்கு அவை விடையளிக்கவில்லை. அந்த மௌனத்தை இரவெல்லாம் கண்ட மாணவர்க்குச் சேலத்து நீதிமன்றத்தின் மௌனத்தை விளக்குதல் எளிது.

எனினும் கூத்துக்களம் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததாகக் கொள்ளுதல் பிழை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியிலுள்ள திரௌபதி அம்மன் கோயில், பட்டியல் சாதியினரின் வழிபாட்டு உரிமை தொடர்பான பிணக்கால் 2023 ஜூன் மாதத்தில் அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருள் சிலர் கூத்தை முன்வரிசையிலும், சிலர் தொலைவிலும் நின்று கண்டிருக்கக்கூடும். ஆசிரியர் இவ்வேறுபாட்டை அறிந்தே மரபைத் துணைக்கழைத்தல் வேண்டும்.

வகுப்பறைச் செயல்நிலைகள்

முதல் நிலை: உறைநிலைக் காட்சி. மாணவர் ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, நாடகத்தின் முதல் அங்கத்திலிருந்து ஒரு காட்சியை அசைவின்றி நின்று காட்டுவர். ஆசிரியர் ஒருவர் தோளைத் தொட, அவர் தம் பாத்திரத்தின் உள்ளத்தில் ஓடும் எண்ணத்தை ஒரே தொடரில் உரைப்பார். திதுபா ஏன் முதலில் சுட்டப்பட்டாள் என்னும் வினாவை இக்காட்சிகளிலிருந்தே எழுப்பலாம்.

இரண்டாம் நிலை: காவலனின் ஐயம். கொலைக்களக் காதையின் காட்சியை நிகழ்த்தி, காவலன் ஐயுறும் இடத்தில் நிறுத்த வேண்டும். பொற்கொல்லனிடம் அவன் கேட்டிருக்க வேண்டிய வினாக்களை வகுப்பு உருவாக்கும். சிலம்பு முன்பு யாரிடம் இருந்தது, கண்டவர் யார் போன்ற எளிய வினாக்களே கொலையைத் தடுத்திருக்கும் என்பது மாணவர்க்குப் புலனாகும்.

மூன்றாம் நிலை: காணாப் பறவை. மூன்றாம் அங்கத்தில் சிறுமியர் நீதிமன்ற விட்டத்தில் ஒரு பறவையைக் காண்பதாக அலறுகின்றனர். இங்குச் சிறுமியரின் ஆவேசத்தை நடிக்கச் செய்யாமல், சுற்றியிருப்போரை நடிக்கச் செய்தல் வேண்டும். அனைவரும் மேலே நோக்கி, தாம் காண்பதை ஒவ்வொருவராகக் கூறுவர். முன்னவர் ‘கண்டேன்’ என்றபின் அடுத்தவர் ‘காணவில்லை’ எனல் எவ்வளவு கடினம் என்பதை மாணவர் தம் அனுபவமாகவே உணர்வர். மேரி வாரன் பிறழ்ந்ததற்கான காரணத்தையும் இப்பயிற்சி விளக்கும்.

நான்காம் நிலை: மனச்சான்றுத் தடம். கணவன் தன் பிழையை ஒப்புக்கொண்டதை அறியாத எலிசபெத், அவன் பெயரைக் காக்கும் பொருட்டுப் பொய்யுரைக்கிறாள். அப்பொய்யே அவனுக்கு எதிராகிறது. மாணவர் இருவரிசையாக நிற்க, எலிசபெத்தாக ஒருவர் இடையே நடந்து செல்வார். ஒரு வரிசை உண்மையுரைக்கவும், மற்றொன்று கணவனைக் காக்கவும் தூண்டும். தடத்தின் முடிவில் அவர் தம் விடையைக் கூறி, அதற்கான காரணத்தையும் விளக்குவார்.

ஐந்தாம் நிலை: நீதிபதியின் முன் கட்டியக்காரன். வினா இருக்கையில் அமர வேண்டியவர் குற்றஞ்சாட்டப்பட்டவர் அல்லர், டான்ஃபோர்த்தே ஆவார். பன்னிருவர் ஏற்கெனவே தூக்கிலிடப்பட்டமையால் எஞ்சியோர்க்குத் தண்டனையைத் தள்ளிவைக்க இயலாது என நான்காம் அங்கத்தில் அவர் வாதிடுகிறார். ஆசிரியர் அப்பாத்திரத்தை ஏற்க, கட்டியக்காரனாக வரும் மாணவர் வட்டார வழக்கிலேயே வினவலாம். முன்செய்த பிழையைக் காக்கவே பின்னும் பிழை செய்யப்படுகிறது என்னும் கருத்து அவ்வுரையாடலில் வெளிப்படும்.

ஆறாம் நிலை: எழுத்து. ஒப்புதல் ஆவணத்தில் கையொப்பமிட்ட பிராக்டர், அது தேவாலயக் கதவில் ஒட்டப்படும் என்றறிந்து கிழித்தெறிகிறார். அவர் மனைவிக்கு எழுதும் மடலையோ, ஊரார் ஒருவரின் வாக்குமூலத்தையோ மாணவர் எழுதுவர். மதிப்பீடு நடிப்புத்திறனுக்கன்று, எழுப்பிய வினாக்களுக்கும் பனுவலிலிருந்து காட்டிய சான்றுகளுக்குமே உரியது.

கருத்திற்கொள்ள வேண்டிய எல்லைகள்

இவ்வட்டாரத்தில் பேய்பிடித்தலும் பேயோட்டுதலும் வாழும் நம்பிக்கைகள். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குத் தீர்வு நாடி வருவோர் பலர். மாணவரின் குடும்பத்தாரும் அவருள் இருக்கலாம். வகுப்பறை அவர்தம் நம்பிக்கையை விசாரிக்கும் மன்றமாகிவிடலாகாது. சேலத்தில் நேர்ந்த கேட்டுக்கு ஆவிகள் உண்டென மக்கள் நம்பியது மட்டுமே காரணமன்று. அந்நம்பிக்கையை நீதிமன்றம் உயிர்பறிக்கும் சான்றாக ஏற்றதே முதன்மைக் காரணம். இவ்வேறுபாடு தெளிவாக நிறுவப்படுதல் வேண்டும்.

குற்றஞ்சாட்டப்படும் பாத்திரத்தை யாருக்கு அளிப்பது என்பதும் கவனத்திற்குரியது. பிறப்பின் காரணமாக முதலில் ஐயுறப்படுவோர் இன்றும் உள்ளனர். இருளர் பழங்குடியினர் மீது பொய்த் திருட்டு வழக்குகள் புனையப்படுவதை எதிர்த்து, திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணியின் முயற்சியில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல்லாண்டுகளாக இயங்கி வருகிறது. அத்தகைய சூழலிலிருந்து வரும் மாணவரை வகுப்பின் முன் ‘கள்வன்’ ஆகவோ ‘சூனியக்காரி’ ஆகவோ நிறுத்துதல் கற்பித்தல் ஆகாது. அப்பாத்திரங்களை ஆசிரியர் ஏற்கலாம். அல்லது வெற்று இருக்கையால் குறிக்கலாம். சொந்த அனுபவங்களைக் கூறுமாறு எவரையும் வற்புறுத்தலும் கூடாது.

பாத்திரத்திலிருந்து வெளிவரும் முறையும் தேவை. துகில் கூத்தில் துச்சாதனன் வேடமேற்றவர், துகிலைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்கிப் பிழைபொறுக்க வேண்டும் வழக்கம் கூத்துக் குழுக்களிடம் உண்டு. வேடம் வேறு, ஆள் வேறு என்பதை அவைக்கும் தமக்கும் உணர்த்தும் செயலாக இதனைக் கொள்ளலாம். வகுப்பறையிலும் ஒவ்வொரு நிலையின் முடிவில் மாணவர் தம் பெயரைக் கூறிப் பாத்திரத்தை விட்டு நீங்குதல் நலம்.

முடிவுரை

‘தி குரூசிபிள்’ நாடகத்தின் மையம் சூனியம் அன்று. ஐயுறும் உரிமை பறிக்கப்படுதலே ஆகும். கொலைக்களக் காதைக் காவலனின் தயக்கமும், துகில் கூத்து அவையின் மௌனமும், சேலத்து நீதிமன்றத்தின் நடைமுறையும் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கன. வகுப்பறை நாடகம் மாணவரைக் குற்றஞ்சாட்டப்பட்டவராக அன்றிச் சாட்சியாகவும் காவலனாகவும் நீதிபதியாகவும் நிறுத்தும்போது, சான்று எது, சொல் எது எனப் பிரித்தறியும் பயிற்சி கிடைக்கிறது. சேலம் விசாரணைகளில் தண்டிக்கப்பட்ட எலிசபெத் சான்சன் என்னும் பெண்ணின் பெயர் 2022ஆம் ஆண்டில்தான், முந்நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, மாசசூசெட்சு மாநிலச் சட்டத்தால் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. உரிய வேளையில் எழுப்பப்படாத வினாவுக்கு விடை கிட்ட எத்துணைக் காலம் ஆகும் என்பதற்கு இது சான்று. அவ்வினாவை எழுப்பும் பழக்கத்தை இலக்கிய வகுப்பு மாணவரிடம் உருவாக்க இயலும்; அதற்கான கருவிகள் இவ்வட்டார மரபிலேயே உள்ளன.