தானே பிளந்த பித்தளை

எவரும் தொடாமலும், எப்பொருளும் மோதாமலும், பெட்டியில் வைத்த உலோகம் தானே பிளக்குமோ என்று வினவினால், பிளக்கும் என்பதே விடையாம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்த படையினர், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்துக் காப்பது உண்டு. மழை நீங்கியபின் எடுத்துப் பார்க்கையில், அவற்றின் பித்தளைக் கூடுகள் பல வெடிப்புற்றுக் கிடந்தன. பிளந்த கூட்டைத் துப்பாக்கியிலிட்டுச் சுடுதல் சுடுவோனுக்கே ஆபத்தாகும். இக்கேட்டிற்குப் 'பருவ வெடிப்பு' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இதன் காரணத்தை 1921-ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் தெளிவுற விளக்கினர். லாயத்துச் சிறுநீரினின்று எழும் அம்மோனியா, ஈரக் காற்றிற் கலந்து பித்தளையைத் தாக்குகின்றது. ஆயினும் அம்மோனியா மட்டும் கூட்டைப் பிளந்துவிடாது. பித்தளைக்குள் முன்னரே ஓர் இறுக்கம் மறைந்திருத்தல் வேண்டும். இரண்டும் கூடியவிடத்தே வெடிப்புத் தோன்றும்.

அவ்விறுக்கம் எங்ஙனம் வந்தது? தோட்டாக் கூடு, செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் சேர்ந்த பித்தளைத் தகட்டைக் கிண்ணம்போல் அழுத்தி, அச்சுத் துளைகளின் வழியே பலமுறை இழுத்துச் செய்யப்படுவது. சூடின்றி இழுக்குங்கால் உலோகத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவாக நீளுவதில்லை. ஆதலின் ஒரு பகுதி இழுவிசைக்கும், அடுத்த பகுதி அமுக்கு விசைக்கும் உள்ளாகி நிற்கும். கயிறிழுக்கும் பந்தயத்தில் இருதிறத்தாரும் சமவலியினராயின் கயிறு அசையாது. எனினும் அதன்கண் இழுவிசை இல்லையென்று எவரே கூறுவர்? கூட்டின் நிலையும் அத்தகையதே. அம்மோனியா அரித்த சிறு கீறலை அவ்விழுவிசை விரித்துப் பிளவாக்குகின்றது.

இதற்கு மருந்து சூடேயாம். ஆனால் பித்தளையை மிகக் காய்ச்சினால் அதன் உட்டுகள்கள் புதியனவாய் உருவாகி, உலோகம் மென்மையுறும். தோட்டாவுக்கு வேண்டிய வன்மை போய்விடும். ஆதலின் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரையில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் மட்டும் சூடேற்றுவர். அச்சூட்டில் அணுக்கள் சிறிதே இடம்பெயர வல்லனவாகின்றன. இழுபட்ட பகுதியும் அமுக்குண்ட பகுதியும் ஒன்றுக்கொன்று இணங்கிக் கொள்கின்றன. இறுக்கம் பெரும்பாலும் தளர்கின்றது, வன்மையோ குன்றுவதில்லை.

எஃகுக்கும் இம்முறை பொருந்தும். பற்றவைத்த எஃகுக் கலங்களில், உருகிய இடம் குளிர்ந்து சுருங்கும்போது அருகிலுள்ள உலோகம் அதனைத் தடுப்பதால் இறுக்கம் பிறக்கின்றது. அவற்றை 550 முதல் 650 டிகிரி வரை சூடேற்றி, 25 மில்லிமீட்டர் கனத்திற்கு ஒரு மணி நேரம் என்னும் கணக்கில் வைத்திருந்து, பின் உலையிலேயே மெல்ல ஆறவிடுதல் வழக்கம். விரைந்து குளிர்வித்தாலோ, புறம் முன்னும் அகம் பின்னுமாகச் சுருங்கிப் புதிய இறுக்கம் புகுந்துவிடும். பட்ட பாடு வீணாம்.

ஆகவே, வன்மை வேறு, உள்ளிறுக்கம் வேறு என்பதை நாம் உணர்தல் வேண்டும். கண்ணுக்குக் குறையின்றித் தோன்றும் பொருளும் தன்னுள்ளே தன்னைப் பிளக்கும் விசையைத் தாங்கியிருத்தல் கூடும். அளவறிந்து இட்ட சூடும், பொறுமையோடு ஆற்றிய ஆறுதலும் அவ்விசையைத் தணித்து, உறுதியை மட்டும் நிறுத்துகின்றன.