இந்திரா நூயி
இந்திரா கிருஷ்ணமூர்த்தி நூயி (பிறப்பு: அக்டோபர் 28, 1955, சென்னை) இந்தியாவில் பிறந்த அமெரிக்க வணிக நிர்வாகி ஆவார். 2006 முதல் 2018 வரை பெப்சிகோ நிறுவனத்தின் முதன்மைச் செயல் அலுவலராகப் பணியாற்றினார். அந்நிறுவனத்தில் இப்பதவியை வகித்த முதல் பெண் இவரே. 2007இல் இந்திய அரசின் பத்ம பூசண் விருதைப் பெற்றார்.

கல்வியும் தொடக்கப் பணிகளும்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1974இல் அறிவியல் பட்டமும், 1976இல் கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் மேலாண்மைப் பட்டயமும் பெற்றார். பின்னர் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் சானிட்டரி நாப்கின் அறிமுகப் பணியில் ஈடுபட்டார். இத்தகைய பொருளை வெளிப்படையாக விளம்பரப்படுத்த இயலாத காலம் அது. ஆகவே மாணவியரிடம் நேரிலேயே கொண்டு செல்ல வேண்டியிருந்தது. 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, இரவில் வரவேற்பாளராக வேலை பார்த்தபடி 1980இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பாஸ்டன் கன்சல்டிங் குரூப், மோட்டோரோலா ஆகியவற்றிலும் பணியாற்றியுள்ளார்.

பெப்சிகோவில்

1994இல் நிறுவன உத்திப் பிரிவின் தலைவராகச் சேர்ந்தார். பீட்சா ஹட், கேஎப்சி, டாக்கோ பெல் உணவகங்கள் அப்போது பெப்சிகோவின் உடைமையாக இருந்தன. உணவகம் நடத்துவதும் பொட்டலப் பண்டம் விற்பதும் வெவ்வேறு தொழில்கள் என்ற அடிப்படையில், 1997இல் அவை தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டன. 1998இல் டிராபிக்கானா பழச்சாறு நிறுவனமும், 2001இல் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனமும் வாங்கப்பட்டன. ஓட்ஸைக் காட்டிலும், குவேக்கரிடமிருந்த கேட்டரேட் பானமே இதில் பெரிய ஈர்ப்பு எனலாம். இம்முடிவுகள் அனைத்திலும் நூயிக்கு முக்கியப் பங்குண்டு.

நோக்கத்துடன் கூடிய செயல்திறன்

தலைமைப் பொறுப்பேற்றதும் இவர் முன்வைத்த கொள்கை இப்பெயரால் அறியப்படுகிறது. இலாபம் ஈட்டும் முறையும் இலாபத்தைப் போலவே கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்பது இதன் சாரம். உப்பு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறைத்தல், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல், ஊழியர் நலன் பேணுதல் ஆகியன இலக்குகளாயின. சுவைக்கானவை, சற்று மேம்பட்டவை, உடல்நலத்துக்கானவை எனப் பண்டங்கள் மூன்றாக வகுக்கப்பட்டன.

குளிர்பானமும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் நிறுவனத்திற்கு இது எளிய வழியன்று. 2010இல் அமெரிக்கச் சந்தையில் டயட் கோக், பெப்சியைப் பின்தள்ளி இரண்டாமிடத்தைப் பிடித்தபோது, முதன்மைப் பண்டம் புறக்கணிக்கப்படுகிறது என்ற குறை எழுந்தது. முதலீட்டாளர் நெல்சன் பெல்ட்ஸ் 2013 முதல், தின்பண்டப் பிரிவையும் பானப் பிரிவையும் பிரிக்குமாறு வற்புறுத்தினார். இரண்டும் சேர்ந்திருப்பதே கடைகளில் வலிமை தரும் என வாதிட்ட நூயி இணங்கவில்லை. 2016இல் பெல்ட்ஸ் தம் பங்குகளை விற்று வெளியேறினார்.

2006இல் சுமார் 35 பில்லியன் டாலராக இருந்த ஆண்டு வருவாய், 2017இல் 63 பில்லியனைத் தாண்டியது. எனினும் இவ்வளர்ச்சி முழுவதையும் மேற்கண்ட கொள்கையின் பயனாகக் கொள்வது பொருந்தாது. 2010இல் இரு பெரிய பாட்டில் நிரப்பும் நிறுவனங்களை வாங்கியதால் அவற்றின் விற்பனையும் கணக்கில் சேர்ந்தது.

தலைமைத்துவ அணுகுமுறை

பதவியேற்ற பின் சென்னை வந்தபோது, உறவினர்கள் தம்மைவிடத் தம் தாயையே பாராட்டியதை நூயி கவனித்தார். அதன்பின் தமக்குக் கீழ்ப் பணியாற்றிய உயர் அலுவலர்களின் பெற்றோருக்கு, அவர்தம் பிள்ளைகளின் பணியைப் பாராட்டிக் கடிதங்கள் எழுதலானார். அதே தாய்தான், பெப்சிகோவின் தலைவராகும் செய்தியுடன் இரவில் வீடு திரும்பிய மகளை, முதலில் பால் வாங்கிவரச் சொல்லி அனுப்பியவர். இந்நிகழ்வை நூயி பல மேடைகளில் கூறியுள்ளார். குடும்பப் பொறுப்பு பெண்கள் மீதே விழுகிறது என்பதற்குச் சான்றாக இதைக் கருதுவோரும் உளர்.

2021இல் வெளியான தம் தன்வரலாற்று நூலில், ஊதியத்துடன் கூடிய விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு வசதி ஆகியவை தனிப்பட்ட சலுகைகளல்ல, பொருளாதாரத் தேவைகள் என வாதிட்டுள்ளார்.