கிரீஸ் வைக்கக் கூடாத இடம்

மற்றக் கார்களில் பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பானெட்டைத் தூக்கினால் காரின் முகமே எழுந்துவிடும். இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும். எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டியரிங் கம்பி, சஸ்பென்ஷன் ஸ்பிரிங் என்று சக்கரம் வரை அத்தனையும் வெட்டவெளி. முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். பழைய கார் ஒன்றை வீட்டில் வைத்துத் தன் கையாலேயே பராமரிக்க ஆசைப்படுபவருக்கு இதைவிடத் தோதான வண்டி அமைவது கஷ்டம்.

போதாக்குறைக்கு, நம்மூர் வண்டி. இங்கிலாந்தின் காவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட டிரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தயாரித்தது. தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம். கல்கத்தாவுக்கு அம்பாசிடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராசுக்கு ஹெரால்டு. அந்தக் கால இந்தியச் சாலைகளை இந்த மூன்றும்தான் பெரும்பாலும் பங்குபோட்டுக்கொண்டன.

நெருக்கடியில் பிறந்த வடிவம்

ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். உள்ளே இருக்கும் அமைப்பைத் தீர்மானித்ததோ ஒரு வியாபார நெருக்கடி. ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபுக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லை. அதனால் பழைய முறைக்கே திரும்பினார்கள்: அடியில் தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் பகுதி பகுதியாகச் செய்த தகடுகள், எல்லாவற்றையும் போல்ட் போட்டு இணைப்பது.

அன்றைக்கு அது பின்னடைவுபோலத்தான் தெரிந்திருக்கும். ஆனால் போல்ட் போட்டுச் சேர்த்த வண்டியைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பல் ஏற்றி இன்னொரு நாட்டில் பூட்டலாம். அறுபது வருஷம் கழித்து நம் வீட்டு வாசலில் அதே போல்ட்டைக் கழற்றவும் செய்யலாம். ஒரு பக்கத் தகடு துருப்பிடித்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். அதே வடிவமைப்பு இன்னொரு வசதியையும் கொடுத்தது: முன்சக்கரம் வெகுவாகத் திரும்பும். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும் என்பதால், மயிலாப்பூர்ச் சந்துகளில் ரிவர்ஸ் எடுக்காமலே வெளியே வந்துவிடலாம்.

நொடிக்கு நூறு தடவை

ஹெரால்டின் எஞ்சின் 948 சிசி, நான்கு சிலிண்டர். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. எஞ்சின் ஓட காற்று கலந்த பெட்ரோல் வேண்டும், சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி வேண்டும். முதல் வேலை கார்புரேட்டருடையது, இரண்டாவது டிஸ்ட்ரிபியூட்டருடையது. பழைய கார் 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே 'பாயின்ட்' இருக்கும். நகக்கண் அளவுள்ள இரண்டு உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். ஒவ்வொரு முறை விலகும்போதும் காயிலில் ஓடும் மின்சாரம் அறுபட்டு, அந்த அதிர்ச்சியில் பல ஆயிரம் வோல்ட் பிறந்து பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், இந்தப் பொட்டுகள் நொடிக்கு 100 தடவை திறந்து மூடுகின்றன. அவை முழுதாக விலகி நிற்கும்போது இடைவெளி 0.015 அங்குலம், அதாவது ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் இருக்க வேண்டும்.

பாயின்ட்டை உந்தும் சின்னக் கட்டை நாளாக நாளாகத் தேயும். இடைவெளி குறையும், பொறி தாமதமாக வரும். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். வைத்தியம் எளிது. அதே தடிமனுள்ள ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும்) தகட்டைப் பொட்டுகளுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போனதுபோல் போகக் கூடாது, பலமாகத் தள்ளவும் வேண்டியிருக்கக் கூடாது. லேசாகப் பிடித்து இழுத்தால் சரியான அளவு. இல்லையென்றால் திருகைத் தளர்த்தி, நகர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். பொட்டுகள் அடிக்கடி கருகினால் பக்கத்திலுள்ள கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். பத்து நிமிட வேலை. விரல்களுக்கு அந்தப் பிடிமானம் பழகிவிட்டால் பிறகு மறக்காது.

பெட்ரோல் பக்கம் வேறு தொல்லை. கத்திரி வெயிலில், டிராஃபிக்கில் நின்று நின்று போகும்போது, எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பம்ப் வெறும் ஆவியைத்தான் தள்ளும், வண்டி படுத்துவிடும். ஈரத் துணியைப் பம்பின் மேல் போட்டுப் பத்து நிமிடம் நிழலில் காத்திருப்பது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பரை அரிக்கும். ஆகவே பழைய கார் வாங்கியதும் முதல் செலவாகப் பெட்ரோல் ஹோஸ்களையும் பம்பின் டயாஃபிரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. ரப்பர் கசிந்து எஞ்சின் மேல் சொட்டினால் மிஞ்சுவது தீ.

ஒரு மரை, ஒரு தவறு

இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்குவது செங்குத்தான ஓர் எஃகுத் துண்டு. அதன் கீழ்முனையில் போல்ட்டில் இருப்பதுபோல மரை. அது பித்தளைபோன்ற உலோகத்தால் ஆன ஒரு குமிழுக்குள் திருகி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'டிரன்னியன்' என்பார்கள். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த எஃகு மரை குமிழுக்குள் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்குகிறது. அதாவது வண்டியின் முன்பாரம் முழுவதும் இரண்டு ஸ்குரூக்களின் மேல் நிற்கிறது.

அந்த ஸ்குரூவுக்கு மசகு வேண்டும். அங்கே வைக்க வேண்டியது கிரீஸ் இல்லை. கியர் பாக்ஸுக்கு ஊற்றும் கெட்டியான 90 நம்பர் ஆயில். ஆனால் ஊற்றும் கருவி கிரீஸ் கன். கிரீஸ் கன்னைப் பார்த்ததும் கை தானாகக் கிரீஸைத்தான் அடைக்கும். ஒர்க் ஷாப் பையன் நல்ல எண்ணத்தோடு, கணக்கில்லாமல் அழுத்திவிடுவான். வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும். உள்ளே கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. நாளடைவில் சாந்துபோல இறுகும். மழைத்தண்ணீர் அடியில் தங்கும், எஃகு துருப்பிடிக்கும், மரை மெலியும். ஒருநாள் வாசலில் நிறுத்த ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது 'டக்' என்று சத்தம். சக்கரம் மடிந்து வண்டி மண்டியிட்டுவிடும். வேகமாகப் போகும்போது ஒடிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தடுப்பதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம் போதும். கிரீஸ் கன்னைச் சுத்தமாகத் துடைத்துக் கியர் ஆயில் நிரப்பி, மேலேயுள்ள ரப்பர் சீலில் ஆயில் கசிந்து தெரியும்வரை அழுத்த வேண்டும். செலவு சொற்பம்தான். விலை உயர்ந்தது அந்த ஒரு வரித் தகவல்தான். பழைய காரில் சாமான் கிடைக்காமல் போவதைவிட, சாமானைப் பற்றித் தெரிந்தவர் கிடைக்காமல் போவதுதான் பெரிய பஞ்சம்.

ஓடாத வண்டிதான் கெடும்

பிரேக்கிலும் இதே கதைதான்: சின்னச் சாமான், பெரிய ஆபத்து. ஹெரால்டின் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் பாதை. இன்றைய கார்களில் ஒரு பாதை கசிந்தால் இன்னொன்று கைகொடுக்கும். இதில் ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தால் மிதி தரையைத் தொட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. அதனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். பழைய பிரேக் கட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதித் தூசு தட்டும் பழக்கம் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

நிறுத்தியே வைப்பதும் ஆபத்து. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறும விட்டு அணைப்பது பலரின் வழக்கம். அது நன்மையைவிடக் கெடுதலே செய்யும். எஞ்சின் முழுதாகச் சூடேறாததால் எரிதலில் உண்டாகும் நீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். மாதம் இரண்டு தடவையானாலும் இருபது முப்பது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். கடற்காற்று வீசும் ஊரில் பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கி மூடுவதும் தவறு. உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். காற்று புகும் துணிக் கவர் போதும். எலி ஒயரைக் கடிக்கிறதா என்று பானெட்டைத் தூக்கிப் பார்ப்பதும் வாராந்திரக் கடமை.

காகிதத்துக்கும் பராமரிப்பு உண்டு. பதினைந்து வருஷம் தாண்டிய சொந்தக் காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருந்தால், 2021-இல் வந்த மத்திய விதிப்படி 'விண்டேஜ்' எனப் பதியலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்குத்தான் தெருவில் இறக்கலாம். தினமும் காய்கறி வாங்கப் போக ஆசையிருந்தால் சாதாரணப் பதிவே மேல்.

சாமான்களுக்குப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் அலைய வேண்டியிருக்கும். கிடைக்காததை லேத்தில் கொடுத்துக் கடைந்துகொள்ளலாம். செய்தவற்றையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு வண்டி கை மாறினால் நோட்டும் கூடவே போகட்டும். நோட்டு தொலையும் என்று பயமிருந்தால் இன்னொரு வழி. அந்தப் பெரிய பானெட்டின் உட்பக்கம், திறந்ததும் கண்ணில் படும் இடத்தில், வெள்ளை பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்: 'கீழ்க் குமிழுக்கு 90 நம்பர் ஆயில் மட்டும். கிரீஸ் வைக்காதே தம்பி.'