ஊர் அமையும் விதம்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், மாநில எல்லையைக் கடந்ததும் எதிர்ப்படுவது மீனாட்சிபுரம். 1956ஆம் ஆண்டில் கேரள மாநிலம் உருவானது முதல் அதில் அடங்கியது. ஆயினும் தமிழ் வழங்கும் ஊர்.

கேரளத்தின் மேற்கே ஓர் ஊர் எங்கே முடிந்து மற்றோர் ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது அரிது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நாட்டில், வீட்டுக்கு வீடு கிணறு ஊறும். ஆகவே வீடுகள் தோப்புகளுக்கு நடுவே தனித்தனியே நிற்கின்றன. மீனாட்சிபுரத்தை அடுத்த கிழக்குச் சித்தூர்ப் பகுதியிலோ மழை குறைவு. நீர் அரிதான இடத்தில், கிணற்றையும் குளத்தையும் அண்டி மக்கள் நெருங்கி வாழ்வதே இயல்பு.

ஆனால், அந்த நெருக்கத்திலும் சிலருக்கு இடம் தள்ளியே கிடைத்தது. சேரியை ஊருக்கு வெளியே வைத்தது மழையன்று, மண்ணன்று, சாதியே. பொதுக் கிணறு எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை.

தெற்கே இடுக்கி மலையிலும் இவ்வுண்மையைக் காணலாம். அங்கே தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் லயங்களுக்கு இடம் குறித்தவர்கள் தோட்டத்து நிர்வாகிகள், குடியிருப்போர் அல்லர். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, 70 பேரை இழந்தோம்.

தொலைவிலிருந்து நம் ஊரை நினைக்கையில் கோயிலும் குளமும் கண்முன் தோன்றும். நீர் எங்கே இருந்தது, அதனருகே யாருக்கு இடம் கிடைத்தது என்னும் இரண்டையும் கேட்டால்தான் ஊரின் வரலாறு முழுமை பெறும்.