குறைமாதக் குழந்தைக்கு 30 நாளில் கண் பரிசோதனை ஏன்? எழும்பூர் வழக்கு சொல்லும் பாடம்

பிறக்கும்போது அந்தக் குழந்தையின் எடை 1,250 கிராம். கர்ப்பத்தின் 29-வது வாரத்திலேயே பிறந்துவிட்டது. 1996 ஆகஸ்ட் 30, சென்னை எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. இன்குபேட்டரில் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், ரத்தமும் ஏற்றினார்கள். செப்டம்பர் 23-ல் டிஸ்சார்ஜ்.

தொற்று வராமல் குழந்தையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் பெற்றோருக்குக் கிடைத்த அறிவுரை. கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான்கரை மாதத்தில், மும்பையில் தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் ஒரு குழந்தைகள் நல மருத்துவர் பிரச்சினையைக் கண்டுபிடித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அமெரிக்கா வரை போயும் பார்வை திரும்பவில்லை.

என்ன பிரச்சினை இது?

பெயர் ஆர்.ஓ.பி., அதாவது ரெட்டினோபதி ஆஃப் ப்ரீமெச்சூரிட்டி. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுசாக வளர்வது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். முன்கூட்டியே பிறந்தால் அந்த வளர்ச்சி பாதியில் நிற்கும். அதிக ஆக்சிஜன் இதை மோசமாக்கும். பிறகு தாறுமாறாகக் குழாய்கள் முளைத்து, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

வெளியிலிருந்து பார்த்தால் கண் நார்மலாகத்தான் இருக்கும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். ஆனால் அந்த அவகாசம் சில வாரங்கள் மட்டுமே.

நீதிமன்றம் என்ன சொன்னது?

தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-ல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 32 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 1,500 கிராமுக்குக் குறைவான குழந்தைக்குப் பரிசோதனை கட்டாயம் தேவை. இந்தக் குழந்தைக்கு இரண்டுமே பொருந்தின. பரிசோதிக்காததும், ஆபத்தைப் பெற்றோரிடம் சொல்லாததும் அலட்சியமே என்றது நீதிமன்றம்.

2015 ஜூலை 1-ல் வந்த தீர்ப்பின்படி இழப்பீடு 1.38 கோடி ரூபாய். அதுவரையிலான மருத்துவச் செலவுக்காக வட்டியுடன் இன்னொரு 42.87 லட்சம். பெரும்பகுதியை அரசும் மருத்துவமனையும், தலா 4 லட்சத்தை இரு மருத்துவர்களும் தர வேண்டும். குழந்தை பிறந்து கிட்டத்தட்ட 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தனைக்கும், 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருப்பதும் அதே எழும்பூரில்தான்!

நாம் என்ன செய்யணும்?

* மயிலாப்பூரோ, தி.நகரோ, அடையாறோ, குழந்தை 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, "ஆர்.ஓ.பி. டெஸ்ட் எப்போ டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். 30 நாட்களுக்குள் முதல் பரிசோதனை நடக்கணும். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் இன்னும் சீக்கிரம்.

* "ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்ற பதிலில் திருப்தி இல்லையா? வேறொரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அது உங்கள் உரிமை.

* மருத்துவ ஆவணங்களை எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

* மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் கொடுக்கலாம். இழப்பீடு வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம். இதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டு கெடு உண்டு. நீங்கள் செலுத்திய கட்டணம் 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது.

* எல்லோருக்குமே முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தில் வராது. சிலரிடமாவது கட்டணம் வாங்கினால், இலவச நோயாளியும் வழக்குப் போடலாம் என்கிறது 1995-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

கோடி ரூபாய் கிடைத்தும் அந்தப் பெண்ணுக்குப் பார்வை கிடைக்கவில்லை. உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ குறைமாதக் குழந்தை இருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதில் கண் பரிசோதனைக்கான தேதி இருக்கிறதா?