மாயையும் ஒரு விளக்கே

சிவகங்கைக்கு அண்மையிலுள்ள நாட்டரசன்கோட்டைக்கு இரு வகை யாத்திரிகர் வருகின்றனர். சுற்றுவட்டாரத்தார் கண்ணாத்தாள் என்று வாஞ்சையோடு அழைக்கும் கண்ணுடைய நாயகியின் சந்நிதியில் கண்ணோய் தீர வேண்டி நிற்போர் ஒரு வகை. கவிச்சக்கரவர்த்தி கம்பர் அடங்கிய இடமென்று பரம்பரையாகப் போற்றப்படும் சமாதியை நாடி, அவ்விடத்து மண்ணில் சிறிது எடுத்துக் குழந்தையின் நாவில் இடுவோர் மற்றொரு வகை. பார்வைக்கு அதிதேவதையான தாயின் ஊரிலேயே, பார்வையை ஏமாற்றும் மாயங்களை அத்தனை விஸ்தாரமாகப் பாடிய கவிஞரும் துயில்கிறார் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் சிந்தனைக்கு இடந்தரும் தற்செயல்.

இராமாயணத்தின் யுத்த காண்டத்தில் வால்மீகியின் இராவணன், இராமனது தலையைப் போலொன்றை மாயத்தால் செய்வித்துச் சீதைக்குக் காட்டுகிறான். கம்பர் அதை விலக்கிவிட்டு, மகோதரனின் யோசனைப்படி மருத்தன் என்னும் அரக்கன் சனகனாக உருமாறி வரும் மாயாசனகப் படலத்தைப் படைத்தார். வெட்டுண்ட தலையைக் கண்டால் அழத்தான் முடியும். பெற்ற தந்தையே சிறைப்பட்டு வந்து, பகைவனுக்கு இணங்கித் தன் உயிரைக் காக்குமாறு மகளை இறைஞ்சுவானாயின், அவள் ஏதேனும் விடை கூறியே ஆகவேண்டும். சீதை அவனைத் தந்தையென்றே நம்புகிறாள். நம்பியும், அவன் பேச்சுக்கு இணங்காமல் கடிந்து பேசுகிறாள். திரிசடை உண்மையை உரைப்பது அதற்குப் பிறகுதான். கேட்டவன் பொய், ஆனால் அவன்முன் பிறந்த விடை முழு மெய். நாடக மேதைமையில் இதனை விஞ்சும் இடம் அக்காவியத்திலேயே அரிது என்பேன்.

இந்திரசித்து மாயாசீதையை வெட்டும்போதோ, அசோகவனத்தில் சீதையை நேரில் கண்டு மீண்ட அனுமனே ஏமாந்துபோகிறான். வீடணன் வண்டுருக் கொண்டு சென்று பார்த்துவந்து சொன்ன பின்னரே இராமனது துயர் தீர்கிறது.

இவ்வாறு மயக்கும் பொய்த்தோற்றத்தை நிழலாகவும், அந்நிழலைச் சிறையாகவும் கண்டவன் கிரேக்க ஞானி பிளேட்டோ. குகைக்குள் பிணிப்புண்ட மனிதர், பின்னே எரியும் தீயின் ஒளியில் சுவரில் விழும் சாயைகளையே உலகமென்று மயங்குவதாகவும், வெளியேறிச் சூரியனைக் காண்பவனே அறிவனென்றும் அவன் குடியரசு என்னும் நூலில் விவரித்தான். கயிற்றைப் பாம்பென்று கண்ட பிரமை ஒளி வந்தால் ஒழியும் என்பது நம் அத்வைதிகளின் பழகிய திருஷ்டாந்தம். சைவ சித்தாந்திகளோ மாயையை இல்பொருளென்று தள்ளவில்லை; உடலும் உலகமும் அதனின்றே தோன்றின என்றும், ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு விடியுமளவும் அதுவே விளக்காகிறதென்றும் கூறினர்; 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவம் திருவருட்பயனில் சொல்வதும் இதுவே. தத்துவ வழக்கில் தீர்ப்பளிக்கும் அதிகாரம் எனக்கில்லை. கம்பர் வைணவரா சைவரா என்னும் ஓயாத வழக்கையும் இங்கே இழுக்கப்போவதில்லை. கலையைப் பொறுத்தவரை, சித்தாந்தியின் கட்சியே என் கட்சி.

அதற்குக் கண்கூடான சாட்சி பாலக்காட்டுப் பகுதியின் தோல்பாவைக்கூத்து. அங்கே பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில், திரைக்குப் பின்னே வரிசையாக ஏற்றிய 21 விளக்குகளின் ஒளியில், புலவர்கள் கம்பரின் பாடல்களைத் தமிழிலேயே பாடி, மலையாளம் கலந்த பேச்சில் பொருள் விரித்து, இரவிரவாகப் பாவைகளை ஆட்டுகின்றனர். தாரிகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தமையால் இராம இராவண யுத்தத்தைக் காண இயலாதுபோன தேவிக்காகவே இக்கூத்து என்பது ஐதிகம்; ஆகையால் மனிதர் ஒருவரும் வராவிடினும் ஆட்டம் நடந்தே தீரும். தேவியே நிழலின் வாயிலாகக் காண்பதில் குறையொன்றும் நினையாதபோது, நிழலைப் பொய்யென்று தள்ள நாம் யார்?

1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம், பங்குனி மகம், பூரம், உத்திர நாள்களில் காரைக்குடியிலும், அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையிலும் கம்பன் திருநாளைக் கொண்டாடுகிறது. பட்டிமண்டபமும் சொற்பொழிவும் சிறந்தனவே. எனினும் ஏதேனும் ஒரு பங்குனி அத்தத்தன்று இரவு, அந்தப் பாவைக்கூத்துப் புலவர்களை வரவழைத்து, மாயாசனகப் படலம் ஒன்றையாவது கண்ணாத்தாள் சந்நிதித் தெருவில் திரை கட்டி ஆடச்செய்ய வேண்டுமென்று கழகத்தாரையும் அவ்வூர் நகரத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன்.