உங்களுக்குத் தெரியுமா? பேப்பரை உதறினால் நோட்டீஸ்!

2025 ஜனவரி 24. கேரளத்தில் காலைப் பேப்பரைக் கையில் எடுத்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது! பிப்ரவரி 1 முதல் ரூபாய் நோட்டு கிடையாது, இனி எல்லாம் டிஜிட்டல் கரன்சிதான் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்துத் தலைப்பு. மலையாள மனோரமா, மாத்ருபூமி என்று பெரிய பேப்பர்களிலெல்லாம் அதே செய்தி!

செய்தியா? அத்தனையும் விளம்பரம்! கொச்சியில் நடக்கவிருந்த ஒரு கல்வி மாநாட்டுக்காக, 2050-இல் பேப்பர் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து அச்சடித்த ஜாக்கெட் அது, அதாவது பேப்பருக்கு மேலே சுற்றி வரும் விளம்பரத் தாள். கேரளத்துச் சித்தூர்ச் சந்தையில் காய் விற்றுக் காசை எண்ணிக்கொண்டிருப்பவர் கண்ணில் தலைப்பு படுமா, 2050 படுமா? படித்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. இந்தியப் பத்திரிகை கவுன்சிலும் சும்மா இருக்கவில்லை. தானாகவே முன்வந்து பேப்பர்களிடம் விளக்கம் கேட்டது!

முதல் பக்கத்தை விளம்பரம் பிடித்துக்கொள்வது இந்தக் காலத்து வியாதி என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! சென்னையின் 'தி இந்து' நாளிதழில் 1958 ஜனவரி 14 வரை முதல் பக்கம் விளம்பரத்துக்குத்தான்!

லண்டன் 'டைம்ஸ்' இன்னும் மோசம். பத்திரிகை பிறந்தது 1785-இல். முதல் பக்கத்துக்குச் செய்தி வந்து சேர்ந்தது 1966 மே 3-ஆம் தேதி!

அவ்வளவு ஏன், இந்தியாவின் முதல் செய்தித்தாளுக்குப் பெயரிலேயே விளம்பரம் இருந்தது! 1780 ஜனவரி 29-இல் கல்கத்தாவில் ஹிக்கி என்பவர் தொடங்கிய பேப்பரின் முழுப்பெயர், 'ஹிக்கிஸ் பெங்கால் கெஜட் ஆர் தி ஒரிஜினல் கல்கத்தா ஜெனரல் அட்வர்டைஸர்'. மூச்சு வாங்குகிறதா?

நம் தமிழக-கேரள எல்லைக்கு வாருங்கள். போடியிலிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள்! அதையெல்லாம் சுற்றிச் சுற்றி ஏறித்தான் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் மூணாறு எஸ்டேட் லயங்களுக்கும் தமிழ்ப் பேப்பர் வருகிறது. கூடவே ஜவுளிக்கடை நோட்டீஸும் ஓசியில் மலையேறி வந்துவிடுகிறது!

எல்லையில் இருந்தால் இரட்டை மழை! தமிழ்ப் பேப்பருக்குள் ஆடித் தள்ளுபடி. அது ஓய்வதற்குள் மலையாளப் பேப்பருக்குள் ஓணம் ஆஃபர். கொழிஞ்சாம்பாறையில் இரண்டு பேப்பரும் வாங்குகிற வீட்டில் வாசலைக் கூட்டும்போது பாருங்கள், முறத்தில் பாதி நோட்டீஸ்தான்!

ஒரு ஏ-4 நோட்டீஸின் எடை தெரியுமா? 80 ஜி.எஸ்.எம். தாள் என்றால் கச்சிதமாக 5 கிராம்! ப்பூ, இவ்வளவுதானா என்கிறீர்களா? 200 வீட்டுக்குப் பேப்பர் போடும் பையனுக்கு ஒரே ஒரு நோட்டீஸால் 1 கிலோ கூடுகிறது. மூன்று நோட்டீஸ் செருகினால் 3 கிலோ! அதையும் சைக்கிளில் வைத்துத்தான் அவன் மேடு மிதிக்கிறான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு என் எரிச்சல் இரண்டு மடங்காகிவிட்டது!

அந்த நோட்டீஸைப் பெரும்பாலும் பத்திரிகை ஆபீஸில் வைப்பதே இல்லை! விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கட்டு பிரித்த பிறகு, ஒவ்வொரு பேப்பராக மடிப்பைத் திறந்து கையால்தான் செருகுகிறார்கள். காசு ஏஜென்டுக்கு. உள்ளே என்ன விளம்பரம் போகிறது என்று ஆசிரியருக்கே தெரியாது!

மழைக்காலத்தில் இன்னொரு கூத்து. வழவழப்பான ஆர்ட் பேப்பர் நனைந்தால் செய்தித்தாளோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் எழுத்தும் சேர்ந்து வரும். நகைக்கடையின் நெக்லஸ் படம் பத்திரமாக இருக்கும், நீங்கள் தேடிய கட்டுரையில் ஓட்டை!

முழுப்பக்க ஜாக்கெட் ஒன்று, அதாவது நான்கு பக்கத் தாள், சுமார் 15 கிராம். ஒரு லட்சம் பிரதிக்குக் கணக்குப் போடுங்கள். ஒன்றரை டன் காகிதம்! செய்தியைப் பார்க்கும் அவசரத்தில் நாம் முதலில் உருவி எறிவது அதைத்தான்!

இணைப்பு என்றால் என்ன என்று சட்டமே சொல்லியிருந்தது! 1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் சட்டம், 9-ஆவது பிரிவு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பத்திரிகையின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். உள்ளே பத்திரிகைக்குரிய விஷயம்தான் பெரும்பகுதி இருக்க வேண்டும். இரண்டும் இல்லையா? தபாலில் அது இணைப்பே அல்ல! அந்தச் சட்டம் 2024 ஜூன் வரை உயிரோடு இருந்தது. இன்று காலை உங்கள் மடியில் விழுந்ததைத் திருப்பிப் பாருங்கள். பத்திரிகையின் பெயர் எங்கேயாவது தெரிகிறதா?

இணைப்பு போட மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று ஒரு காலம் இருந்ததே, தெரியுமா? 1960-இல் வந்த உத்தரவு அது. விலைக்கு இத்தனை பக்கம்தான் என்றும் கட்டுப்படுத்தியது! புனேயின் 'சகால்' பத்திரிகை உச்ச நீதிமன்றம் போனது. 1961-இல் அந்த உத்தரவே செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது!

பேப்பர் பேசியதைக் கேட்டிருக்கிறீர்களா? 2010 செப்டம்பர் 21 அன்று கேட்டார்கள்! 'டைம்ஸ் ஆஃப் இந்தியா', 'தி இந்து' கடைசிப் பக்கத்தில் கறுப்பாக ஒரு குட்டிப் பெட்டி. பக்கத்தைத் திறந்து வெளிச்சம் பட்டதும் ஃபோக்ஸ்வாகன் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது! மூடினால்தான் நிறுத்தும். குண்டோ என்று பயந்து போலீஸுக்குப் போன் போட்டவர்களும் உண்டு. போனது சுமார் 22 லட்சம் பிரதிகள்!

2012-இல் அதே கம்பெனி மறுபடி வந்தது. இந்த முறை பேப்பர் கையிலேயே அதிர்ந்தது!

அமெரிக்காவில் அதற்கும் முன்பே படம் ஓடிவிட்டது! 2009-இல் 'என்டர்டெயின்மென்ட் வீக்லி' பத்திரிகைக்குள் குட்டித் திரை ஒன்றை வைத்து வீடியோ விளம்பரம் காட்டினார்கள்.

பத்திரிகை அட்டையில் ஒட்டி வருமே ஷாம்பூ பாக்கெட், அதன் வேர் நம் கடலூரில்! பாக்கெட் ஷாம்பூவுக்கு வழிகாட்டியவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். ஏழை வீட்டுக்கும் ஷாம்பூ போய்ச் சேர்ந்தது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பாக்கெட்டைப் பிரித்தெடுக்கும்போது அட்டைப்படத்தில் கதாநாயகியின் கன்னமும் கூடவே வந்துவிடுகிறதே!

உலகத்திலேயே கனமான பேப்பர் எது? 1987 செப்டம்பரில் வந்த 'நியூயார்க் டைம்ஸ்' ஞாயிறு இதழ். 1,612 பக்கம். எடை 5.4 கிலோ!

அமெரிக்க 'வோக்' இதழின் 2012 செப்டம்பர் மலர் 916 பக்கம். அதில் விளம்பரம் மட்டும் 658! வாசகர் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் படிக்கக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

பத்திரிகையைப் பிரித்ததும் பொலபொலவென்று சந்தா அட்டைகள் உதிர்கின்றனவா? அவற்றை யாரும் தைப்பதுமில்லை, ஒட்டுவதுமில்லை. பக்கங்களுக்கு நடுவே மெஷின் காற்றால் ஊதித் தள்ளுகிறது! உதிர வேண்டும் என்பதற்காகவே அப்படி வைக்கிறார்கள். குனிந்து எடுத்தால் ஒரு நொடியாவது பார்ப்பீர்கள் அல்லவா!

ஆம்ஸ்டர்டாமில் கதையே தலைகீழ்! அங்கே விளம்பர நோட்டீஸ் வேண்டாதவர்கள்தான் முன்பு கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 2018 ஜனவரி 1 முதல் வேண்டும் என்பவர்தான் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத வீட்டில் விளம்பர நோட்டீஸ் போடக் கூடாது! அச்சகத்தார் வழக்குக்குப் போனார்கள். 2021-இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் ஊர் பக்கமே நின்றுவிட்டது!